எந்தச் சந்ததி ஒழிந்துபோகாது?

2024 நவம்பர் 26, காலை

கேள்வி: மத்தேயு 24:34. "இவைகளெல்லாம் சம்பவிக்கும்முன்னே இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது" என்று இயேசு சொல்லியிருக்கிறார். சொல்லிக் கிட்டத்தட்ட 2000 வருடம் ஆகிறது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் இறந்துபோனார்கள். அப்படியானால் இதற்கு என்ன அர்த்தம்? சபையில் கேட்டேன், ஜெபம் பண்ணு தம்பி என்றார்கள். ஜெபமும் பண்ணுகிறேன், கேள்வியும் போகவில்லை. தெரிந்தவர்கள் சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள்.

நவம்பர் 26, இரவு 9.40

சுற்றிவளைக்காமல் சொல்கிறேன் தம்பி. அங்கே சந்ததி என்றால் தலைமுறைதான். அன்றைக்கு உயிரோடிருந்தவர்கள்.

நமக்குச் சந்ததி என்றதும் வம்சம்தான் நினைவுக்கு வரும். "சந்ததி இல்லாமப் போச்சே" என்று ஊரில் சொல்கிறோம் இல்லையா. அதனால் இந்த வசனத்துக்கு யூத வம்சம் கடைசிவரை அழியாது என்று அர்த்தம் சொல்லிவிட்டுப் போவது தமிழில் சுலபம். கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருக்கிற சொல் கெனெயா. மத்தேயு முதல் அதிகாரத்தில் ஆபிரகாம் முதல் தாவீது வரைக்கும் பதினாலு தலைமுறை என்று எண்ணிக்கொண்டு வருகிறாரே, அங்கேயும் இதே கெனெயாதான். முதல் அதிகாரத்தில் தலைமுறை என்று போட்ட நம் பழைய மொழிபெயர்ப்பு, 24ஆம் அதிகாரத்தில் சந்ததி என்று போட்டுவிட்டது. 11:16ல் "இந்தச் சந்ததியை யாருக்கு ஒப்பிடுவேன்" என்கிறார். 23:36ல் "இவைகளெல்லாம் இந்தச் சந்ததியின்மேல் வரும்" என்கிறார். இரண்டு இடத்திலும் எதிரே நிற்கிற ஜனங்களைத்தான் சொல்கிறார். 24ல் மட்டும் வேறு ஆட்கள் எப்படி வருவார்கள்?

எந்த இடத்தில் இந்தப் பேச்சு தொடங்குகிறது என்று பாருங்கள். சீஷர்கள் எருசலேம் தேவாலயத்தின் கட்டடங்களைக் காட்டுகிறார்கள். இங்கே ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்கிறார். கி.பி. 70ல் தீத்துவின் ரோமப் படை அந்த ஆலயத்தை எரித்து இடித்தது. இயேசு சொல்லி 40 வருடத்துக்குள் நடந்துவிட்டது. கேட்டவர்களில் சிலராவது அன்று உயிரோடு இருந்திருப்பார்கள்.

மூன்றாம் வசனத்தில் சீஷர்கள் கேட்டது இரண்டு கேள்வி. இவைகள் எப்போது நடக்கும் என்பது ஒன்று. உம்முடைய வருகைக்கும் உலக முடிவுக்கும் அடையாளம் என்ன என்பது மற்றொன்று. 34ஆம் வசனம் முதல் கேள்விக்குப் பதில். 36ஆம் வசனத்தில் "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" யாரும் அறியார்கள் என்பது இரண்டாவதற்குப் பதில். நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

நவம்பர் 26, இரவு 11.55

படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. மேலே ரொம்பச் சுலபமாக முடித்துவிட்டேன்.

29 முதல் 31 வரை என்ன செய்வது? "அந்நாட்களின் உபத்திரவம் முடிந்தவுடனே" சூரியன் அந்தகாரப்படும், மனுஷகுமாரன் மேகங்கள்மேல் வருவார் என்று இருக்கிறது. "முடிந்தவுடனே." அதற்குப் பிறகுதான் 34 வருகிறது. "இவைகளெல்லாம்" என்பதில் இதுவும் சேருமே. இரண்டு கேள்வி, இரண்டு பதில் என்று நான் பிரித்தது இங்கே வந்து முட்டுகிறது.

ஒரு வழி இருக்கிறது. சூரியன் இருண்டுபோகும் என்பது ஏசாயா 13:10ல் பாபிலோன் விழுவதைப் பற்றிச் சொன்னது. ஒரு ராஜ்யம் கவிழ்வதைத் தீர்க்கதரிசிகள் அப்படித்தான் பாடுவார்கள். மேகங்களோடு வருகிற மனுஷகுமாரன் தானியேல் 7:13ல் இருக்கிறார். அங்கே அவர் பூமிக்கு இறங்கி வரவில்லை. நீண்ட ஆயுசுள்ளவரிடத்துக்கு, அதாவது தேவனிடத்துக்கு, போகிறார், ராஜ்யத்தைப் பெற்றுக்கொள்ள. அப்படிப் பார்த்தால் ஆலயம் இடிந்ததே அவர் ராஜாவானார் என்பதற்கு அடையாளம். நன்றாகப் படித்த பலர் இப்படி வாசிக்கிறார்கள். எனக்கு முக்கால்வாசி சம்மதம். 31ல் எக்காளம் ஊதித் தெரிந்துகொள்ளப்பட்டவர்களை நாலு திசையிலிருந்தும் சேர்ப்பார் என்று வருகிற இடத்தில் மட்டும் மனம் நின்றுவிடுகிறது. அது இன்னும் நடக்காத ஒன்றாகத்தான் எனக்குப் படுகிறது.

சரி, பள்ளிக்கூடம் இருக்கிறது நாளை.

நவம்பர் 28

32ஆம் வசனத்து உவமையில் வருகிற அத்திமரம் என்றால் இஸ்ரவேல், 1948ல் இஸ்ரவேல் தேசம் உருவானதுதான் அத்திமரம் துளிர்த்தது, அதைப் பார்த்த சந்ததிதான் ஒழிந்துபோகாது என்று ஒரு பிரதர் விளக்கம் எழுதியிருக்கிறார். பிரதர், லூக்கா 21:29ஐ எடுத்துப் பாருங்கள். "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்." மற்றெல்லா மரங்களும் எந்த தேசங்கள்? துளிர் விட்டால் வெயில்காலம் பக்கம் என்று எந்த விவசாயிக்கும் தெரியும், அவ்வளவுதான் உவமை.

நான் இதில் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது.

1988ல் எனக்கு ஒன்பது வயது. அப்பா சி.எஸ்.ஐ., அம்மா பெந்தெகொஸ்தே சபைக்குப் போவார்கள், நான் அம்மாவோடு. வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் மூன்று நாள் கூட்டத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். 1948, ஒரு சந்ததி 40 வருடம், கூட்டினால் 1988. ரகசிய வருகை, அதாவது ஆண்டவர் ரகசியமாக வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போவது, எந்த நிமிஷமும் இருக்கலாம், அம்மா போய்விடுவாள், நீ இருப்பாய், வீட்டுக்குள் வந்து கூப்பிடுவாய், பதில் வராது என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கதவு தாழ்ப்பாள் போடாமல் வெறுமனே சாத்தியிருந்தது. வாசலில் அம்மாவின் செருப்பு கிடந்தது. உள்ளே அடுப்பில் கஞ்சி வடிக்கச் சாய்த்து வைத்த பானை, பக்கத்தில் தட்டு. கஞ்சி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தம்பியின் தொட்டில் வெறும் சேலையாகத் தொங்கியது. அம்மா என்று கூப்பிட்டேன். பதில் வரவில்லை.

புத்தகப் பையோடு ஓடினேன், பாஸ்டர் வீட்டுக்கு. பாஸ்டரம்மா இருந்தால் வருகை நடக்கவில்லை என்று அர்த்தம். அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். "என்னம்மா, ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்று கேட்டார்கள். ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவர்கள் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று யாரோ சத்தம் கொடுத்ததும் அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடியிருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு பல வருடம், வீட்டுக்குள் நுழையும்போது முதலில் அம்மா எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் பையை வைப்பேன். எடுத்துக்கொள்ளப்படுவோம் என்று வருகிற 1 தெசலோனிக்கேயர் நாலாம் அதிகாரம் என்றாலே அந்தப் பானையிலிருந்து கஞ்சி சொட்டுகிற சத்தம்தான் கேட்கும்.

நவம்பர் 28, இரவு

ஒன்று விட்டுப்போனது. மாற்கு 13:32ல் "குமாரனும் அறியார்" என்று சேர்த்து எழுதியிருக்கிறது. குமாரனே அறியாததை மூன்று நாள் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டலாமா? இதை அந்த வயதில் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 30

வருகைக்குத் தேதி குறித்தவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வில்லியம் மில்லரைப் பற்றி வாசித்தால் நீங்களும் அப்படிச் சொல்ல மாட்டீர்கள்.

நியூயார்க் மாகாணத்து விவசாயி. 1812ல் தொடங்கிய யுத்தத்தில் போர்வீரராக இருந்தவர். வேதாகமத்தையும், எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டுகிற ஒரு ஒத்துவாக்கிய அகராதியையும் மட்டும் வைத்துக்கொண்டு வசனம் வசனமாக வாசித்தார். தானியேல் 8:14ல் "இரண்டாயிரத்து முந்நூறு இராப்பகல்" செல்லும், பின்பு பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்று இருக்கிறது. ஒரு நாளை ஒரு வருடமாக எடுத்தார், அதற்கு எசேக்கியேல் 4:6ல் ஆதாரம் பார்த்தார். கி.மு. 457ல் தொடங்கி எண்ணினால் 1843 வருகிறது, அப்போது ஆண்டவர் வருவார் என்று எடுத்துக்கொண்டார். 1818லேயே இந்த முடிவுக்கு வந்துவிட்டார், ஆனால் 1831 வரை மேடை ஏறவில்லை. பதின்மூன்று வருடம் தன் கணக்கைத் தானே சந்தேகப்பட்டுச் சரிபார்த்தவரை ஏமாற்றுக்காரர் என்று எப்படிச் சொல்வது?

1843 போனது. கி.மு. 1க்கும் கி.பி. 1க்கும் நடுவில் பூஜ்ய வருடம் கிடையாது, ஒரு வருடம் கூட்ட வேண்டும் என்று கண்டார்கள். 1844 ஆனது. சாமுவேல் ஸ்னோ என்பவர் யூதர்களின் பாவநிவாரண நாளை வைத்து அக்டோபர் 22 என்று குறித்தார். சிலர் விளைந்த நிலத்தை அறுக்காமல் விட்டார்கள். கூடி உட்கார்ந்து காத்திருந்தார்கள். நடுராத்திரி தாண்டியது. விடியும்வரை அழுதோம் என்று அவர்களில் ஒருவரான ஹைரம் எட்சன் எழுதிவைத்திருக்கிறார். அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. காத்திருந்தவர் வராமல் போனால் அழத்தான் செய்வார்கள். அழுதவர்களில் ஒரு பகுதியினர் பிறகு 1863ல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையாக அமைந்தார்கள். மில்லர் 1849ல் இறந்தார், கடைசிவரை எதிர்பார்ப்பை விடவில்லை.

நமக்குப் பக்கத்திலும் நடந்திருக்கிறது. திருவிதாங்கூரில் யூஸ்தூஸ் ஜோசப் என்ற போதகர், வித்வான் குட்டி என்று மலையாளிகள் சொல்வார்கள், பிராமணக் குடும்பத்திலிருந்து வந்தவர். 1881ல் ஆண்டவர் வருவார் என்று அறிவித்தார். வரவில்லை. அவரைச் சுற்றி யூயோமயம் என்று தனிச் சபையே உண்டாகியிருந்தது. அவர் எழுதிய பாட்டுகள் மலையாளச் சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன. கணக்கு தப்பியது, பாட்டு நின்றது.

எனக்கு மில்லர்மேல் கோபம் இல்லை. குழந்தைகளைப் பயமுறுத்துகிறவர்கள்மேல்தான் கோபம். இரண்டையும் நேற்றுவரை ஒன்றாகவே வைத்திருந்தேன், எழுதும்போதுதான் பிரிந்தது.

டிசம்பர் 1, ஞாயிறு

இன்று ஆகமன முதல் ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருகிற நாலு ஞாயிறுகளில் முதலாவது. இப்போது அப்பாவின் சபைக்குத்தான் போகிறேன். ஆகமனம், அட்வெந்து, கத்தோலிக்கர் சொல்கிற திருவருகைக் காலம், எல்லாம் ஒரே சொல்லின் பிள்ளைகள். கிரேக்கத்தில் பரூசியா. அதை லத்தீனில் அட்வெந்துஸ் என்றார்கள்.

பரூசியா என்பதற்கு வந்து சேருவது என்றும் பொருள் உண்டு, கூட இருப்பது என்றும் பொருள் உண்டு. ராஜா ஒரு பட்டணத்துக்கு வருகை தந்தால் அதுவும் பரூசியாதான். 2 கொரிந்தியர் 7:6ல் தீத்து வந்து சேர்ந்ததால் பவுலுக்கு ஆறுதல் கிடைத்ததே, அதுவும் பரூசியா. (இந்தத் தீத்து பவுலின் உடன் ஊழியர், ஆலயத்தை இடித்தவர் இல்லை.) யெகோவாவின் சாட்சிகள் இரண்டாவது பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, 1914லேயே அவர் கண்ணுக்குத் தெரியாமல் பிரசன்னமாகிவிட்டார் என்பார்கள்.

பிரசங்கம் நடக்கும்போது எனக்கு என் வகுப்பு ஞாபகம் வந்தது. தினமும் காலையில் கையில் எடுக்கிற நோட்டுக்கு என்ன பெயர்? வருகைப் பதிவேடு. பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வந்தானா என்று யாரும் அதில் எழுதுவதில்லை, இப்போது வகுப்பில் இருக்கிறானா என்றுதான் எழுதுகிறோம். பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" என்று பதில் வருகிறது. வருகை என்ற தமிழ்ச் சொல்லிலேயே வருவதும் இருப்பதும் சேர்ந்து கிடக்கிறது. இருபத்திரண்டு வருடமாகக் கையெழுத்துப் போடுகிற நோட்டு, இன்றைக்குத்தான் கவனித்தேன். இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விடத் தேவையில்லை. வந்து, கூட இருப்பார்.

டிசம்பர் 3

இனி 1 தெசலோனிக்கேயர் 4:17. முப்பது வருடம் நான் தவிர்த்துவந்த வசனம்.

"பின்பு, உயிரோடிருக்கும் நாமும் கர்த்தருக்கு எதிர்கொண்டுபோக, மேகங்கள்மேல் அவர்களோடேகூட ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டு..."

எல்லாரும் "எடுத்துக்கொள்ளப்பட்டு" என்ற சொல்லில் நின்றுவிடுகிறோம். அதற்கு முன்னால் இருக்கிற "எதிர்கொண்டுபோக" என்ற சொல்லை யாரும் பார்ப்பதில்லை. கிரேக்கத்தில் அபான்டேசிஸ். புதிய ஏற்பாட்டில் இன்னும் இரண்டு இடத்தில் சந்தேகமில்லாமல் வருகிறது. மத்தேயு 25:6: மணவாளன் வருகிறார், "அவருக்கு எதிர்கொண்டுபோகப் புறப்படுங்கள்". அப்போஸ்தலர் 28:15: பவுல் ரோமாபுரிக்கு வருகிறார் என்று கேள்விப்பட்ட சகோதரர்கள் அப்பியுபுரம் வரைக்கும், மூன்று சத்திரம் வரைக்கும் எதிர்கொண்டு வந்தார்கள். அப்பியுபுரம் ரோமாபுரியிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். நடந்து போய்ப் பவுலைச் சந்தித்தவர்கள் அவரோடு வேறெங்கும் போய்விடவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு ரோமாபுரிக்குத் திரும்பினார்கள்.

நம் மொழிபெயர்ப்பு மூன்று இடத்திலும் "எதிர்கொண்டு" என்றே போட்டிருக்கிறது. சந்ததி விஷயத்தில் குறை சொன்னேன், இங்கே கும்பிடத் தோன்றுகிறது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை அழைப்பு பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். என் சித்தி கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் ராத்திரி எட்டு மணிக்கு ஊர் எல்லையில் பஸ் நிற்கிற இடத்தில் வந்து இறங்கினார்கள். பேண்டு செட்டோடு தெருவே புறப்பட்டுப் போனது. பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்துகொண்டு நாலு பேர் முன்னால் நடந்தார்கள். மாமாதான் மாப்பிள்ளைக்கு மாலை போட்டார். திரும்பி வரும் வழியில் ஒரு விளக்கு மங்கிக்கொண்டே வந்தது, அதைத் தூக்கியவர் நின்று பம்ப் அடித்துப் பார்த்தார், எண்ணெய் இல்லை. கோயில் பக்கத்தில் அணைந்துபோனது. அவர் அப்படியே ஒதுங்கி நின்றார், ஊர்வலம் அவரைத் தாண்டிப் போனது. பத்துக் கன்னிகைகள் உவமையை எப்போது வாசித்தாலும் எனக்கு அந்த மனிதரின் முகம் தெரியும்.

யாராவது மாப்பிள்ளையை எதிர்கொண்டு போய்விட்டு, அவரோடு அதே பஸ்ஸில் ஏறி ஊரைவிட்டுப் போவார்களா? அழைத்துக்கொண்டு வீட்டுக்குத்தான் வருவோம். வீட்டில் பந்தல் போட்டிருக்கிறது.

கிரேக்கமே தாய்மொழியாகப் பேசிய சபைப் பிதா யோவான் கிறிசோஸ்தம் கி.பி. 400 வாக்கில் இதைப் பிரசங்கித்தபோது இப்படித்தான் புரிந்துகொண்டார். ராஜா பட்டணத்துக்குள் வரும்போது மதிப்புள்ளவர்கள் வெளியே போய் எதிர்கொள்வார்கள், குற்றவாளிகள் உள்ளே இருந்து நியாயாதிபதிக்காகக் காத்திருப்பார்கள் என்கிறார்.

ரகசிய வருகை என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முந்திய வசனத்தில் ஆரவாரம், பிரதான தூதனுடைய சத்தம், தேவ எக்காளம் என்று மூன்று சத்தம் இருக்கிறது. பேண்டு செட்டோடு வருகிறவரை ரகசியமாக வருகிறார் என்று எந்த ஊரில் சொல்வார்கள்? சபை முதலில் எடுத்துக்கொள்ளப்படும், பிறகு ஏழு வருட உபத்திரவம் என்ற வரிசை 1830களில் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரசங்கியார் வகுத்தது. 1909ல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம்தான் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. அம்மாவின் சபையில் அதைப் பவுலே சொன்னதாக நினைத்திருந்தோம்.

டிசம்பர் 4

யோவான் 14:3ஐ ஒரு சிஸ்டர் எடுத்து வைத்திருக்கிறார்கள். "நான் மறுபடியும் வந்து உங்களை என்னிடத்தில் சேர்த்துக்கொள்ளுவேன்." பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு என்ற பேச்சு அது. அங்கே கூட்டிக்கொண்டு போவதுபோலத்தானே இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி. ஒப்புக்கொள்கிறேன், 1 தெசலோனிக்கேயர் 4:17 எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. "எப்பொழுதும் கர்த்தருடனேகூட இருப்போம்" என்பதோடு நிற்கிறது. நான் மாப்பிள்ளை அழைப்பை வைத்து மீதியை முடித்தேன். அந்தச் சொல்லின் வழக்கம் என் பக்கம் இருக்கிறது, ஆனால் பவுல் எழுதியதைவிட ஒரு அடி கூடுதலாக நடந்துவிட்டேன். வெளிப்படுத்தல் 21ல் பரிசுத்த நகரம் வானத்திலிருந்து இறங்கி வருகிறது, தேவன் மனுஷரிடத்தில் வாசமாயிருப்பார் என்பதையும் சேர்த்து வாசித்துத்தான் என் முடிவில் நிற்கிறேன். சிஸ்டர் வேறு முடிவுக்கு வந்தால் சண்டைக்கு வரமாட்டேன்.

டிசம்பர் 7

இரண்டு ஸ்திரீகள் எந்திரம் அரைத்துக்கொண்டிருப்பார்கள், ஒருத்தி ஏற்றுக்கொள்ளப்படுவாள், ஒருத்தி கைவிடப்படுவாள். மத்தேயு 24:41.

சின்ன வயதில் எனக்கு எந்திரம் என்றால் எங்கள் தெருமுனை மாவு மில். நீளமான பெல்ட் ஓடும், தரையெல்லாம் வெள்ளையாக இருக்கும். வரிசையில் நிற்கிற இரண்டு பேரில் ஒருத்தி மறைந்துபோவாள், அவள் மாவுச் சட்டி மட்டும் கீழே கிடக்கும் என்று நினைத்துக்கொள்வேன். மில்லுக்கு அனுப்பினால் வரிசையில் தனியாக நிற்கவே பார்ப்பேன். ஆச்சிதான் ஒருநாள் வீட்டுத் திருகையைக் காட்டி, "எந்திரம்னா இதான்டி, எதிரும் புதிரும் உக்காந்து சுத்தணும்" என்றார்கள். ஒரே கைப்பிடியை இரண்டு பேரும் பிடித்துச் சுற்றுவார்கள். அப்படி உட்கார்ந்திருக்கிற இருவரில் ஒருத்தி என்றால் எவ்வளவு நெருக்கம் என்று அப்போதுதான் புரிந்தது.

இங்கே மொழிபெயர்ப்பாளர்கள் நமக்காக முடிவெடுத்துவிட்டார்கள். கிரேக்கத்தில் கூட்டிக்கொண்டு போகப்படுவாள், விடப்படுவாள் என்ற அளவுதான். ஏற்றுக்கொள்ளுதல், கைவிடுதல் என்று போட்டதும் போகிறவள் நல்லவள், இருப்பவள் கெட்டவள் என்று ஆகிவிட்டது. இரண்டு வசனம் முன்னால் பாருங்கள். நோவா காலத்தில் ஜலப்பிரளயம் வந்து "அனைவரையும் வாரிக்கொண்டுபோகுமட்டும்" உணராதிருந்தார்கள். அங்கே கொண்டுபோகப்பட்டவர்கள் அழிந்தவர்கள். மிஞ்சி இருந்தவர் நோவா. அப்படியானால் மில்லில் மிஞ்சி நிற்பதுதான் நல்லது! ஒன்பது வயதில் இது தெரிந்திருந்தால் அந்தக் காலி வீட்டில் தைரியமாக உட்கார்ந்திருப்பேன்.

டிசம்பர் 8

நேற்று எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். 39ல் வாரிக்கொண்டுபோனது என்பதற்கும் 41க்கும் கிரேக்கத்தில் வேறு வேறு வினைச்சொல். 41ல் இருக்கிற சொல் மத்தேயு 1:20ல் யோசேப்பு மரியாளைச் சேர்த்துக்கொள்வதற்கு வருகிறது. சிஸ்டர் காட்டிய யோவான் 14:3ல் "சேர்த்துக்கொள்ளுவேன்" என்பதும் அதே சொல். அன்போடு கூட்டிக்கொள்கிற சொல்லாகவும் அது இருக்கிறது. ஆக, நம் மொழிபெயர்ப்பாளர்கள் காரணமில்லாமல் ஏற்றுக்கொள்ளுதல் என்று போடவில்லை. நோவாவை வைத்து நான் சொன்னதற்கும் இடம் இருக்கிறது, ஆனால் அவர்களைக் குறை சொன்னது அவசரம்.

விழித்திருங்கள் என்று 42ல் வருகிறதே, அதற்காகத்தான் இந்தத் திருகை உவமை. யார் எங்கே போனார்கள் என்பதற்கு இல்லை.

டிசம்பர் 14

கேள்வி கேட்ட தம்பி நேற்று எழுதியிருக்கிறார். அவருடைய ஆச்சி அக்டோபரில் இறந்துபோனார்களாம். வருகையைக் கண்ணால் காணாமல் சாகமாட்டேன் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தவர்களாம். "ஆச்சி ஏமாந்துபோய்ட்டாங்களா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. நான் கெனெயா, அபான்டேசிஸ் என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்டதைத்தான் தெசலோனிக்கேயாவில் இருந்தவர்களும் கேட்டார்கள். பவுல் அந்தப் பட்டணத்தில் கொஞ்ச நாள்தான் இருந்தார், கலகம் உண்டாகி ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பிவைத்தார்கள். சீக்கிரம் ஆண்டவர் வருவார் என்று நம்பிய புதிய விசுவாசிகள். அவர்களில் சிலர் இறந்துபோனார்கள். காத்திருந்து செத்தவர்கள் கதி என்ன, அவர்களுக்கு அது இல்லாமலே போய்விட்டதா என்ற அழுகை. அந்த அழுகைக்குப் பதிலாகத்தான் கி.பி. 50, 51 வாக்கில் பவுல் கொரிந்துவிலிருந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறார். என்னைக் காலி வீட்டில் நடுங்க வைத்த அதிகாரம் உண்மையில் ஒரு துக்க வீட்டுக்கு எழுதிய கடிதம். 2016ல் அம்மாவைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தபோதுதான் எனக்கே அது தெரிந்தது. பாஸ்டர் 13ஆம் வசனத்திலிருந்து வாசித்தார். "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கித்து" என்ற இடத்தில் அவர் குரல் உடைந்தது, அவருடைய மனைவியை, அந்தப் பாஸ்டரம்மாவை, இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே தோட்டத்தில்தான் வைத்திருந்தார்கள். அதுவரை நான் எப்போதும் 16ல் தொடங்கியே கேட்டிருக்கிறேன். எக்காளத்திலிருந்து.

15ஆம் வசனத்தைப் பாருங்கள். "கர்த்தருடைய வருகைமட்டும் உயிரோடிருக்கும் நாம் நித்திரையடைந்தவர்களுக்கு முந்திக்கொள்வதில்லை." முந்திக்கொள்வதில்லை. உயிரோடிருப்பவர்கள் ஆச்சியைத் தாண்டி முன்னால் போய்விட மாட்டார்கள். மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள். அவர்களோடேகூடத்தான் நாம், மேகங்கள்மேல் என்றாலும் எங்கே என்றாலும். மாப்பிள்ளையை எதிர்கொள்ளப் போகிற கூட்டத்தில் முன்வரிசையில் உங்கள் ஆச்சி இருப்பார்கள், நானும் நீங்களும் பின்னால்.

அந்த "நாம்" என்ற சொல்லையும் கவனியுங்கள். எழுதும்போது பவுல் தானும் உயிரோடிருப்பேன் என்றே எதிர்பார்த்திருக்கிறார். அவரும் நித்திரையடைந்தார். அவர் எழுதிய ஆறுதலே பிறகு அவருக்கும் ஆறுதலானது. உங்கள் ஆச்சி பவுலோடு சேர்ந்துதான் காத்திருக்கிறார்கள்.

சந்ததி ஒழிந்துபோனதா என்று கேட்டீர்கள். ஒழிந்துபோனது தம்பி, அந்தத் தலைமுறை ஒழிந்தது, ஆச்சியின் தலைமுறையும் ஒழிந்துகொண்டிருக்கிறது.

ஜனவரியில் நினைவு ஜெபக்கூட்டம் வைக்கிறோம், என்னை வேதம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதையே வாசியுங்கள். 13ல் தொடங்குங்கள். 17ல் நிறுத்திவிடாதீர்கள், பலர் அங்கே நிறுத்திவிடுகிறார்கள். 18 வரை வாசியுங்கள்: "ஆகையால், இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள்." சின்னப் பிள்ளைகள் யாராவது வந்தால் முன்னால் உட்கார வையுங்கள்.